வாட்ச் கட்டிய கை

பயப்படாதீர்கள் தம்பி, உள்ளே இருப்பது வெறும் கத்திதான்.

காலை ஒதுக்கிக்கொண்டீர்களே, அதற்காகச் சொன்னேன். அட்டைப்பெட்டி, அதற்குள் துணி, துணிக்குள் தோலுறை. பஸ்சே கவிழ்ந்தாலும் யாருக்கும் ஒரு கீறல் விழாது. மேலே வைக்கலாம்தான், கண்டக்டரும் சொன்னார். ஆனால் கரூர் தாண்டினால் இந்த டிரைவர் எப்படி ஓட்டுவாரோ. மடியிலேயே இருக்கட்டும். வேண்டுமானால் ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். தெரிகிறதா? அந்தக் கனம் மட்டமான கத்தியில் வராது. எனக்குக் கனத்தை வைத்தே சொல்லிவிட முடியும். பலகையில் வெட்டுகிற சத்தத்தை வைத்தும் சொல்லுவேன், எந்த எஃகு என்று. பழக்கம்தான், வேறொன்றும் இல்லை.

கோயம்புத்தூர்தானே? நானும் அங்கேதான். கணபதி ஏரியாவில் லேத் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு ஷெட் இருக்கிறது. செல்வின் என்று ஒரு பையன் அங்கே கத்தி செய்கிறான். கசாப்புக்கடைக் கத்தியும் இல்லை, பாத்திரக்கடைக் கத்தியும் இல்லை. ஒவ்வொரு கத்தியும் அவரவர்க்கு என்று தனியாக. பாலிடெக்னிக் முடித்துவிட்டு பம்ப் கம்பெனியில் வேலை பார்த்தவன், அதை விட்டுவிட்டு இதில் இறங்கிவிட்டான். நல்ல பையன்தான். ஆனால் இன்றைக்கு அவனோடு சண்டை போடத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் ஞானசேகரன். திருச்சியில் இன்சூரன்ஸ் ஆபீசில் இருக்கிறேன். கத்திக்கும் இன்சூரன்சுக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே பார்க்கிறீர்கள்? ஒரு சம்பந்தமும் இல்லை. ஒருநாள் போனில் எதையோ தேடும்போது ஒரு வீடியோ வந்தது. ஒருவர் காகிதத்தை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு கத்தியால் ஒரு இழுப்பு இழுக்கிறார். சத்தமே இல்லை. காகிதம் இரண்டாகி விழுகிறது. அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் என்னைப் போல விழுந்தவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. பெயர் ‘கூர்முனை’. காலையில் குட்மார்னிங் போடக் கூடாது, அரசியல் பேசக் கூடாது, கத்தி மட்டும்தான்.

குரூப்பில் எல்லாரும் பெரிய மனிதர்கள். ஆனால் தம்பி, அவர்கள் செல்வினைப் படுத்திய பாடு இருக்கிறதே. ஆம்பூரில் நிஜாமுதீன் என்று ஒருவர், ஷூ கம்பெனியில் மேனேஜர். முதலில் லாரியின் ஸ்பிரிங் பட்டையை உருக்கி அடித்த கத்தி போதும் என்றார். உருக்குவது கிடையாது, காய்ச்சி அடிப்பது, நான்தான் திருத்தினேன். செல்வின், “பண்ணிடலாம் சார்” என்றான். பட்டையை அவன் அடுப்பில் வைக்கும் சமயத்தில் இவருக்கு பேரிங் ஸ்டீல் மேல் ஆசை வந்துவிட்டது. பண்ணிடலாம் சார். அதற்கும் பிறகு ஜப்பானிலிருந்து வருகிற ஏதோ ஒரு ஸ்டீல். அதன் பெயர் அவருக்கே வாயில் வரவில்லை, டைப் அடித்துத்தான் அனுப்பினார். அதற்கும் பண்ணிடலாம் சார். அந்த மனிதர் வீட்டில் கறி வெட்டுவது யார் தெரியுமா? கறிக்கடைக்காரர்.

ஈரோட்டில் ஹரிகிருஷ்ணன், பல் டாக்டர். அவருக்கு ஸ்டீலைப் பற்றிக் கவலை இல்லை, டிசைன்தான். கத்தியின் முதுகில் ரம்பம் மாதிரி பல் வேண்டும் என்றார். எங்கே போனாலும் அவருக்குப் பல் வேண்டும். பிறகு எடை குறைய வேண்டும் என்று கத்தியின் நடுவில் வரிசையாக ஓட்டை போடச் சொன்னார். ஓட்டை போட்டதும் எடை போதவில்லை என்று பிடியில் பித்தளை வைக்கச் சொன்னார். ஒரு மனிதன் இப்படி ஒன்றைக் கேட்டுக் கேட்டு மாற்றிக்கொண்டே இருந்தால் செய்கிறவன் என்ன ஆவான்?

நான் அப்படி இல்லை. நான் கேட்டது மொத்தமே மூன்று மாற்றம். பேரிங் ஸ்டீல் என்று சொல்லியிருந்தேன், யோசித்துப் பார்த்து டூல் ஸ்டீலுக்கு மாறினேன், பிறகு நிறைய படித்துவிட்டு மறுபடியும் பேரிங் ஸ்டீலுக்கே வந்துவிட்டேன். புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டால் அது மாற்றத்தில் சேருமா? சேராது. பிடிக்குத் தேக்கு என்றேன், ஈட்டி மரம் என்றேன், புளியமரத்து வேர் என்றேன். எல்லாம் மரம்தானே, அதையும் சேர்க்க வேண்டாம். நீளத்தில் அரை அங்குலம் கூட்டிக் குறைத்தது வேறு. கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டேன். அதுதான் இன்றைக்கு உங்கள் பக்கத்தில் என்னைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது.

சாதாரணக் கத்தியை இரண்டு பக்கமும் சரிவாகத் தேய்த்திருப்பார்கள். சிலவகைக் கத்தியில் ஒரு பக்கம் மட்டும்தான் சரிவு, மறுபக்கம் தட்டை. ஆசாரியின் உளி மாதிரி. காய் கண்ணாடி போல வரும். ஆனால் ஒரு விஷயம், அது கையைப் பொறுத்தது. வலது கைக்காரருக்கு வலது பக்கம் சரிவு இருக்க வேண்டும், இடது கைக்காரருக்கு இடது பக்கம். மாறிப் போனால் கத்தி நேராக இறங்காது, தன் பாட்டுக்கு ஒரு பக்கம் ஓடும். நான் அதைத்தான் கேட்டேன். செல்வின் முதல் தடவையாகத் தயங்கினான். “அதுக்குக் கொஞ்சம் வெட்டிப் பழக்கம் வேணும் சார்” என்றான். என்னிடம் சொல்கிறான், பழக்கம் வேண்டும் என்று. நான் பார்த்த வீடியோக்களை எல்லாம் அவனுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே, “சரி, பண்ணிடலாம் சார்” என்றான்.

இதற்கு நடுவில் அவனுக்குப் பொறுமை போய்விட்டது. எல்லாம் அந்த டாக்டராலும் நிஜாமுதீனாலும்தான். குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டான். பாதிக்கு மேல் கிரைண்டர் சத்தம். மீதியில் சொன்னது இதுதான்: இனி யார் ஆர்டர் கொடுத்தாலும் காய் நறுக்குகிற வீடியோ ஒன்று அனுப்ப வேண்டும். முகம் வேண்டாம், கை மட்டும் தெரிந்தால் போதும். கூரியரில் ஒரு உருண்டை களிமண் வரும், அதைக் கத்தி பிடிப்பதுபோல அழுத்திப் பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் பிடியும் சரிவும் செய்வான். “பேச்சுல எல்லாரும் சூப்பரா வெட்டுறீங்க சார். ஒரு தடவை நான் கண்ணால பாத்துடுறேன்” என்று முடித்தான்.

உடனே பலன் தெரிந்தது. டாக்டருக்குத் திடீரென்று கிளினிக்கில் கூட்டம். நிஜாமுதீன் வெளியூர் போய்விட்டார். நான் மட்டும்தான் உடனே ஒரு கட்டைவிரலை உயர்த்திப் போட்டேன்.

அந்தக் கட்டைவிரலுக்குத்தான் முதலில் அடி. ஞாயிற்றுக்கிழமை சமையலறைக்குப் போய் போனை எண்ணெய் டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் எடுத்தேன். இரண்டாவது வெங்காயத்தில் கண் தெரியவில்லை. மூன்றாவதில் நகத்தின் ஓரம் போய்விட்டது. தமயந்தி வந்தாள். என் மனைவி. அதிகம் பேசமாட்டாள். “நகருங்க” என்றாள். விரலுக்கு மஞ்சள் வைத்துவிட்டு மிச்ச வெங்காயத்தை எடுத்துக்கொண்டு நறுக்கத் தொடங்கினாள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கை மட்டும் தெரிந்தால் போதும் என்றுதானே சொன்னான்?

வளையலைக் கழற்றச் சொன்னேன். என் முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். என் வாட்சையும் கட்டிவிட்டேன், ஒரு துளை உள்ளே தள்ளி.

“இதெல்லாம் எதுக்கு?” என்றாள்.

“செல்வினுக்கு.”

“செல்வினுக்கு என் கை எதுக்கு?”

“உன் கை இல்ல, என் கை.”

ஒரு நிமிஷம் வாட்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்துவிட்டு நறுக்க ஆரம்பித்தாள். வெங்காயம், கத்தரிக்காய், கொத்தவரங்காய். களிமண் வந்தபோதும் அவளையே பிடிக்கச் சொல்லிவிட்டேன், வீடியோவும் களிமண்ணும் ஒத்துப்போக வேண்டும் இல்லையா. இதை ஏமாற்று என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் நறுக்குகிற டிபார்ட்மெண்ட் அவளுடையது, கத்தி டிபார்ட்மெண்ட் என்னுடையது. பொதுவாக ஒரு நறுக்கு எப்படி இருக்கும் என்று அவன் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் அனுப்பினேன்.

கத்தி வந்தது. தம்பி, அழகு என்றால் அப்படி ஒரு அழகு. புளியவேர்ப் பிடி, அதில் கறுப்பும் செம்மண் நிறமுமாக ஓடுகிற ரேகை. குரூப்பில் படம் போட்டேன், கைதட்டல் அடங்கவே இல்லை. பிறகு ஒரு தக்காளியை எடுத்து வைத்து, போனை ஆன் செய்துவிட்டு, கத்தியை இறக்கினேன். தக்காளி சரிந்தது. ஒரு பக்கம் கட்டியாகவும் ஒரு பக்கம் ஒன்றுமே இல்லாமலும் ஒரு துண்டு. இரண்டாவது தக்காளியும் அப்படியே. பிடியும் குட்டை, என் சுண்டு விரல் வெளியே தொங்குகிறது, பஸ் படிக்கட்டில் தொங்குகிற மாதிரி. போன் நிறைய வீடியோ பார்த்தவன் நான், எனக்குப் பிடிபட்டுவிட்டது. சரிவை இடது பக்கம் வைத்துவிட்டான்.

போன் செய்தேன். “வீடியோல இடது கையாலதானே சார் வெட்டுனீங்க?” என்கிறான். செல்ஃபி கேமரா வலது கையை இடது கையாகத் திருப்பிக் காட்டும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதை எடுத்துச் சொன்னேன். “அது தெரியும் சார், ஆனா அந்த வாட்ச்...” என்று என்னவோ இழுத்தான். நான் மேலே பேசவிடவில்லை. தப்பு செய்கிறவர்கள் இப்படித்தான் எதையாவது இழுப்பார்கள். கடைசியில் இறங்கி வந்தான். “கொண்டு வாங்க சார், மாத்திடலாம். ஆனா அந்தப் பக்கம் புதுசா சரிவு எடுக்கணும்னா கத்தி பாதியா தேஞ்சிடும். பிடியும் வேற போடணும். திரும்ப இதைக் கொண்டுவர முடியாது. யோசிச்சுக்குங்க” என்றான். யோசிக்க என்ன இருக்கிறது? பாதியானாலும் நேராக வெட்டட்டும்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அவன் ஷெட்டில் எல்லாரும் கூடுகிறோம். முதல் தடவையாக நேரில். ஆளுக்கு ஒரு தக்காளி, அவரவர் கத்தியில் எல்லார் முன்னாலும் நறுக்கிக் காட்ட வேண்டும் என்று டாக்டர் ஏற்பாடு. என் கத்தி சரிகிற விஷயத்தை நான்தான் வாய் தவறி அவரிடம் சொல்லிவிட்டேன். “என்ன சார், உங்க கத்தி லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டுட்டுத்தான் வெட்டுதாமே” என்று குரூப்பில் போட்டுவிட்டார். முப்பது பேர் சிரித்திருக்கிறார்கள். அதனால்தான் முதல் பஸ்சைப் பிடித்தேன். கூட்டம் சேருவதற்குள் செல்வின் தேய்த்துக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பல் டாக்டர் முன்னால் என் தக்காளி நேராக விழ வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் இதற்கு ஒரு எதிர்ப்பு. நான் சொன்னேனே, தமயந்தி அதிகம் பேசமாட்டாள் என்று. கத்தியை எண்ணெய் தடவிப் பெட்டியில்தான் வைத்திருந்தேன். ஒருநாள் எடுத்துப் பார்த்தால் அலகெல்லாம் நீலம் பூத்திருக்கிறது. பேரிங் ஸ்டீலில் வெங்காயமும் புளிப்பும் பட்டுப் பட்டுத்தான் அப்படி வரும். நான் ஆபீஸ் போனதும் எடுத்துவிடுகிறாள் போலிருக்கிறது. கேட்டதற்கு, “கத்திதானே” என்றாள். மாடி வீட்டுக்காரர்களின் கீரையைக்கூட வாங்கி நறுக்கிக் கொடுத்திருக்கிறாள். சரி, அந்த நீலத்தைப் படம் எடுத்து குரூப்பில் போட்டேன். இப்படி உழைத்த கத்தியைப் பார்த்ததே இல்லை, ஞானம் சார் நிஜமான சமையல்காரர் என்று நிஜாமுதீன் எழுதினார். நான் நன்றி சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது?

மாற்றப் போகிறேன் என்றதும் கேட்டாள்.

“மாத்தித்தான் ஆகணுமா?”

“ஆகணும். கோணலா வெட்டுது.”

“எனக்கு நேராத்தான் வெட்டுது.”

அவ்வளவுதான் சொன்னாள். பெண்கள் அப்படித்தான் தம்பி, எதையும் சகித்துக்கொண்டு பழகிவிடுவார்கள். கோணல் கத்தியிலும் நேராக வெட்டுவார்கள். அதற்காக நாம் அப்படியே விட்டுவிட முடியுமா? ஆனால் மனசில் எதையும் வைத்துக்கொள்கிறவள் இல்லை. காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் பெட்டியை அவளே கட்டி, டேப் ஒட்டி, எலுமிச்சம்பழச் சாதத்தோடு தயாராக வைத்திருந்தாள். கத்தி மேல் அவளுக்கு அவ்வளவு அக்கறை வந்துவிட்டதே என்று எனக்கே ஆச்சரியம்.

என்ன கேட்டீர்கள்? பஸ் சத்தத்தில் காதில் விழவில்லை.

வாட்சா? எந்தக் கையில் கட்டிவிட்டேன் என்றா? இடது கையில்தான். வாட்சை வேறெந்தக் கையில் கட்டுவார்கள்?

கத்தியா? கத்தி வாட்ச் கட்டிய கையில்தான் இருந்தது. நன்றாக ஞாபகம் இருக்கிறது, நறுக்க நறுக்க வாட்ச் வெயிலில் மின்னியது. அதைத்தான் சொன்னேனே, போன் திருப்பிக் காட்டும் என்று. கத்தி வலது கையில் இருக்கும், போன் அதை இடது கையாக...

வாட்சையும் சேர்த்துத் திருப்பும் என்கிறீர்களா?

ஆமாம். வாட்சையும் சேர்த்துத்தான் திருப்பும். திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் வாட்ச் கட்டிய கை வாட்ச் கட்டிய கைதான்.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

இல்லை தம்பி, அவள் வலது கைக்காரி. நான் பார்த்திருக்கிறேனே. வலது கையால்தான் எழுதுவாள், வலது கையால்தான் சாப்பிடுவாள், கோலம் போடுவது... கோலம் போடுவதை நான் பார்த்ததில்லை. நான் எழுந்திருப்பதற்குள் போட்டுவிடுவாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் இடது கையால் சாம்பார் ஊற்றிவிட்டாள். என் அம்மா கரண்டியைப் பிடுங்கி வலது கையில் கொடுத்தார்கள். அன்றோடு சரி, பிறகு இடது கையால் பரிமாறி நான் பார்த்ததே இல்லை. பழக்கம் போய்விட்டது என்றல்லவா நினைத்தேன். சமையலறைக்குள்ளே யார் போய்ப் பார்த்தது?

எதற்கும் கத்தியைக் காட்டுகிறேன். நீங்களே பாருங்கள், சரிவு எந்தப் பக்கம் என்று. இந்த டேப்பை மட்டும் கொஞ்சம் பிடித்து இழுங்கள். கெட்டியாகத்தான் ஒட்டியிருக்கிறாள். துணி, இதோ தோலுறை. பெட்டிக்கு அடியில் என்னவோ உருளுகிறது.

இது இஞ்சி தட்டுகிற குழவி.

அவசரத்தில் தவறி விழுந்திருக்கும். குழவி எப்படித் தவறி விழும்? கனத்துக்கு வைத்திருக்கிறாள். தோலுறையை நீங்களே பிரியுங்கள் தம்பி, நான் குழவியைப் பிடித்துக்கொள்கிறேன்.

மஞ்சள் பிளாஸ்டிக் பிடி. எங்கள் வீட்டுப் பழைய கத்தி. பத்து வருஷமாக இருக்கிறது. இதோ பாருங்கள், நுனியில்லை. ஹார்லிக்ஸ் மூடியைத் திறக்கப் போய் நான்தான் உடைத்தேன். இதையா நான் இவ்வளவு தூரம் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்? இதன் கனத்தையா உங்களைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன்?

ஒரு நிமிஷம். போன் செய்துவிடுகிறேன்.

நீங்களும் கேட்டிருப்பீர்கள், ஸ்பீக்கரில்தான் போட்டேன். திட்ட வேண்டும் என்றுதான் போட்டேன். எடுத்தவள் போனைப் பலகைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள் போல. டக், டக், டக் என்று கேட்டதே, அதுதான். ஒரு தடவைகூடத் தட்டுத் தடுமாறாத சத்தம். எந்த எஃகு என்று எனக்குத் தெரியாதா? “என்ன நறுக்குற?” என்று கேட்டுவிட்டேன். “பீர்க்கங்காய்” என்றாள். எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டாள். பிறகு அவளாகவே சொன்னாள், கேட்டீர்கள் அல்லவா, “அந்தக் கத்திய செல்வின்கிட்ட குடுத்து நல்லா தீட்டிட்டு வாங்க. உங்களுக்கு அது போதும்.”

சிரிக்கலாம் தம்பி, பரவாயில்லை. அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் உங்களுக்குத்தான் புரை ஏறும்.

இப்போது டாக்டர் முன்னால் எதை நீட்டுவது? மஞ்சள் பிளாஸ்டிக்கையா? பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடலாம். இல்லை, போகிறேன். எல்லாரும் அவரவர் கத்தியைப் பெட்டியிலிருந்து எடுப்பார்கள். ஜப்பான் ஸ்டீல், ஓட்டை போட்டது, பல் வைத்தது, எல்லாம் அப்படியே புது மெருகோடு. ஞானம் சார், உங்க கத்தி எங்கே என்று டாக்டர் கேட்பார். என் கத்திக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது டாக்டர், அது வேலையில் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். நன்றாக இருக்கிறதா? கொஞ்சம் சாதாரணமாகச் சொல்ல வேண்டும், யோசித்து வைத்த மாதிரி இருக்கக் கூடாது.

செல்வினிடமும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். அந்தச் சரிவு அப்படியே இருக்கட்டும். ஒன்றே ஒன்று மட்டும் கேட்க வேண்டும். நுனியைத் துளி கீழே வளைத்துக் கொடுத்தால் பீர்க்கங்காய் நரம்பைச் சீவ வசதியாக இருக்குமே. அப்புறம் பிடியின் அடியில் ஒரு சின்னத் துளை, ஆணியில் மாட்ட. பெரிய மாற்றம் இல்லை தம்பி. பண்ணிடலாம் சார் என்பான்.

எதற்கும் அவளை ஒரு வார்த்தை கேட்டுவிடட்டுமா? கத்தி இனிமேல் அவளுடைய டிபார்ட்மெண்ட் இல்லையா.

போனை எடுக்க மாட்டேன் என்கிறாள். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

கை வேலையாக இருக்கும். இடது கை.